பெயரும் முகவரியும்

எந்த உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றாலும் தலைமையாசிரியரின் அறையில் ஓர் இரும்புப் பீரோவைக் காணலாம். அதனுள் கனத்த அட்டை போட்ட பெரிய ஏடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் தலையாயது சேர்க்கைப் பதிவேடு. மாணவனுடைய பெயர், பிறந்த நாள், தந்தையின் பெயர், அவர் செய்யும் தொழில், சாதி, வீட்டு முகவரி ஆகிய யாவும் அதில் இருக்கும். அங்க அடையாளங்கள் இரண்டும் இருக்கும். வலக் கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு தழும்பு என்று எழுதியிருப்பார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி அதன் உறவினரும் அறியாத செய்திகளை அந்தப் பதிவேடு அறியும்.

பதினோர் ஆண்டுகள் அந்தப் பீரோவின் சாவி என்னிடம் இருந்தது. மழை ஒழுக்கிலிருந்தும் கறையானிலிருந்தும் ஏடுகளைக் காப்பதே என் கடமை என்று எண்ணியிருந்தேன். ஏட்டைக் காப்பது வேறு, ஏட்டில் உள்ள செய்தியைக் காப்பது வேறு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் அலுவலர் என்னைக் காண வந்தார். படித்தவர், பணிவாகப் பேசினார். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவர்களின் பெயர், தந்தையார் பெயர், முகவரி ஆகியவை கிடைத்தால், மேற்படிப்பைப் பற்றிய விளக்க ஏட்டினை வீடுதோறும் இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். பள்ளிக்கென்று ஒரு சுவர்க் கடிகாரமும் கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். எழுத்தரை அழைத்து, 140 பேருடைய பட்டியலைப் படியெடுத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஓர் அம்மையார் பள்ளிக்கு வந்தார். அவர் கையில் வண்ண உறை ஒன்று இருந்தது. உறையின் மேல் அவருடைய கணவரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அவர் கணவர் அந்த ஆண்டு தை மாதம் காலமாகிவிட்டார். பதிவேட்டிலோ அவர் பெயர் இருந்தபடியே இருந்தது. மகளின் எதிர்காலம் தந்தையின் கையில்தான் இருக்கிறது என்னும் பொருளில் உள்ளே ஒரு கடிதம். அதை முதலில் பிரித்துப் படித்தவள் அந்த மகளே.

"இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை, ஐயா. எங்கள் வீட்டு முகவரி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

"விசாரிக்கிறேன், அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். விசாரிப்பதற்கு என்ன இருந்தது? நான் வாங்கி மாட்டிய கடிகாரம் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பின் எவருக்கும் நான் பட்டியல் கொடுத்ததில்லை. ஆயினும் நான் செய்தது தவறு என்று தெரிந்ததே தவிர, எந்த நெறியிலிருந்து தவறினேன் என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. திருட்டு என்றால் திருட்டு இல்லை. பொய் என்றால் பொய் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் வாயிலிருந்து அதற்கு விடை கிடைத்தது.

அவர் கனடா நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு சிறிய பல் மருத்துவமனையில் அலுவலராக இருக்கிறார். 2019இல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என்னையும் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். பல் தூரிகை விற்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, நோயாளிகளின் முகவரிப் பட்டியலைக் கேட்டாராம். ஒவ்வொருவருக்கும் ஒரு தூரிகை இலவசமாக அனுப்பப் போவதாகச் சொன்னாராம். இவர் தர மறுத்துவிட்டார். "அவர்கள் பல் வலிக்காக முகவரி தந்தார்கள், ஐயா, தூரிகை வாங்குவதற்காகத் தரவில்லை. எங்கள் மாகாணச் சட்டப்படி அந்தப் பட்டியலுக்கு நான்தான் பொறுப்பாளன்" என்றார்.

என் மாணவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எந்தக் காரியத்துக்காகச் செய்தி தரப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம். வைத்திருப்பவன் அதற்குக் காவலன், உடைமையாளன் அல்லன். அவர் சென்ற பிறகு அந்தச் சட்டத்தையும் அதனோடு ஒத்த பிற மாகாணச் சட்டங்களையும் தேடிப் படித்தேன். நான் கற்றவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கனடா பத்து மாகாணங்களும் மூன்று ஆட்சிப் பகுதிகளும் கொண்ட கூட்டாட்சி நாடு. 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் மத்திய ஆட்சிக்கும் மாகாண ஆட்சிகளுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தது. சொத்துரிமை, குடிமக்கள் ஒருவரோடொருவர் கொள்ளும் உரிமைகள் ஆகியவை மாகாணங்களின் பங்கு. வங்கி, தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து போன்றவை மத்திய ஆட்சியின் பங்கு. ஆகவே ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரின் முகவரியை எப்படிக் காக்க வேண்டும் என்று விதிக்க மாகாணத்துக்கு உரிமை உண்டு.

இவ்வுரிமையை முதலில் பயன்படுத்தியது பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் மாகாணம். அதன் சட்டம் 1993இல் நிறைவேறி, 1994 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசாங்க அலுவலகங்கள் வைத்திருக்கும் விவரங்களுக்குச் சட்டம் செய்த நாடுகள் அதற்கு முன்னரே பல உண்டு. தனியார் நிறுவனங்கள் அனைத்தையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் சட்டம் வட அமெரிக்காவில் அதுவே முதலாவது. பின்னர் 2000ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. அது படிப்படியாக விரிந்து, 2004 முதல் நாட்டின் வாணிகத் துறை முழுவதையும் தழுவிற்று. அச்சட்டத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு மாகாணம் ஏறத்தாழ அதற்கு நிகரான சட்டத்தைத் தானே செய்துகொண்டால், அம்மாகாணத்துக்குள் மாகாணச் சட்டமே ஆளும். பிரிட்டிஷ் கொலம்பியாவும் அதன் அண்டை மாகாணமான ஆல்பர்ட்டாவும் 2003இல் சட்டம் இயற்றி, 2004 ஜனவரி முதல் நாள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

நம் தமிழ் மக்கள் மிகுதியாகக் குடியேறியுள்ள டொராண்டோ நகரம் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தது. அம்மாகாணம் மருத்துவ விவரங்களுக்கு 2004இல் தனிச் சட்டம் செய்தது; மற்றக் கடைகண்ணிகளுக்கு அங்கே மத்தியச் சட்டமே பொருந்துகிறது.

இம்மாகாணச் சட்டங்களின் நடுநாடி எது? பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டாச் சட்டங்கள் ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்கின்றன. அவர் நியாய உணர்வு உடையவர். கடைக்காரருக்கும் வேண்டியவர் அல்லர், வாடிக்கையாளருக்கும் வேண்டியவர் அல்லர். இந்தச் சூழ்நிலையில் இந்த விவரத்தைக் கேட்பது தகும் என்று அத்தகைய ஒருவர் கருதுவாரா? இதுவே அளவுகோல். கியூபெக் சட்டம் வேறு சொற்களில் இதனை நெருங்குகிறது: விவரம் திரட்டுவதற்குத் தக்க, நேர்மையான காரணம் வேண்டும், அக்காரணத்துக்குத் தேவையானதை மட்டுமே திரட்ட வேண்டும்.

இந்த வேரிலிருந்து சில கிளைகள் பிரிகின்றன. விவரம் கேட்கும்போதே எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். உரியவரின் இசைவைப் பெற வேண்டும். தேவைக்கு மேற்பட்ட விவரத்தைத் தர மறுத்தால் பொருளை விற்கமாட்டேன் என்று சொல்லக் கூடாது. வேறு ஒருவரிடமிருந்து விவரம் வாங்குவதானாலும் பொதுவாக உரியவரின் இசைவு வேண்டும். ஆகவே கொடுப்பவனுக்கு மட்டும் அன்றி, வாங்குபவனுக்கும் கட்டுப்பாடு உண்டு. பெற்ற விவரத்தைத் திருட்டிலிருந்தும் கசிவிலிருந்தும் காக்க வேண்டும். உரியவர் வந்து கேட்டால் அவரைப் பற்றி வைத்திருப்பதைக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்த வேண்டும். காட்டுவதற்குக் காலக்கெடுவும் உண்டு: கியூபெக்கில் 30 நாள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 30 வேலைநாள், ஆல்பர்ட்டாவில் 45 நாள். காரியம் முடிந்து, வைத்திருக்கும் தேவையும் நீங்கிய பின் விவரத்தை அழித்துவிட வேண்டும்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. ஒருவர் மயங்கி விழுந்து உயிருக்குப் போராடும்போது அவருடைய இசைவைக் கேட்டுக்கொண்டிருக்க இயலாது. குற்ற விசாரணைக்கும் இசைவு தடையாக நிற்க முடியாது. ஒருவர் தம் வீட்டுக் காரியத்துக்காக எழுதி வைத்திருக்கும் முகவரிப் புத்தகத்தைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

இவ்விதிகள் நடைமுறையில் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சில வழக்குகள் நன்கு விளக்கும்.

முதலாவது, துணிக்கடை வழக்கு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட டி.ஜே.எக்ஸ். என்னும் கம்பெனிக்குக் கனடாவிலும் கடைகள் உண்டு. ரசீது இல்லாமல் பொருளைத் திருப்பித் தர வருபவரிடம் வாகன ஓட்டுநர் உரிமத்தின் எண்ணை அக்கடைகள் கேட்டு வாங்கிப் பதிவு செய்தன. 2007 ஜனவரியில், அந்தக் கம்பெனியின் கணிப்பொறிகளுக்குள் எவரோ அயலார் புகுந்திருந்தனர் என்னும் செய்தி வெளியாயிற்று. பல நாடுகளிலும் சேர்த்து 4.5 கோடிக்கும் மேற்பட்ட பண அட்டைகளின் விவரம் பறிபோயிற்று. மத்திய ஆணையரும் ஆல்பர்ட்டா ஆணையரும் கூடி விசாரித்து, அவ்வாண்டு செப்டம்பரில் அறிக்கை தந்தனர். ஓட்டுநர் உரிமம் வண்டி ஓட்டுவதற்கு அரசாங்கம் தந்தது. சட்டையைத் திருப்பித் தருவதற்கு அதன் எண் எதற்கு? மோசடியைத் தடுப்பதே நோக்கமானால், அந்த எண்ணை உடனே வேறொரு குறியீடாக மாற்றிக்கொண்டு, மூல எண்ணைச் சேமிக்காமல் விட்டுவிடலாம். கம்பெனியும் அம்முறைக்கு இசைந்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நம்மிடம் இல்லாத பொருளை எந்தத் திருடனாலும் திருட முடியாது. தேவையற்றதைச் சேமிக்காமல் இருப்பதே முதற் காவல்.

ஆனால் எல்லா வழக்குகளும் இப்படி ஒரே பக்கமாகச் சாய்வதில்லை. ஆல்பர்ட்டாவில் ஒரு மரச்சாமான் கடை, விலை கொடுத்து வாங்கி வைத்த பொருளைப் பின்னர் எடுத்துச் செல்ல வருபவரிடம் உரிமத்தின் எண்ணையும் வண்டியின் எண்ணையும் குறித்துக்கொண்டது. ஆணையர் அலுவலகம் இது தவறு என்று கட்டளையிட்டது. கடைக்காரர் மேல்முறையீடு செய்தார். ஒருவர் வாங்கிய மேசையை வேறொருவர் ஏமாற்றி எடுத்துச் சென்றுவிடாமல் தடுப்பது நியாயமான நோக்கமே என்று கூறி, 2011இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அக்கட்டளையை நீக்கினர். உரிமம் ஒன்றே, கேட்ட காரணம் வேறு, ஆகவே முடிவும் வேறாயிற்று. நியாய உணர்வுடைய மனிதர் என்னும் அளவுகோல் இரும்புக்கோல் அன்று என்பதையும் காண்கிறோம். அறிஞர்களே அதைக் கையில் எடுத்து வெவ்வேறாக அளக்கக் கூடும்.

அடுத்தது, இளைஞர்களாகிய உங்களுக்கு நெருங்கிய வழக்கு. டிம் ஹார்ட்டன்ஸ் என்பது கனடாவில் ஊர்தோறும் உள்ள காப்பிக் கடை. அக்கடைக்குக் கைப்பேசியில் ஒரு செயலி இருந்தது. காப்பி வேண்டும் என்று அதன் வழியாகச் சொல்லலாம். செயலியைத் திறந்திருக்கும்போது மட்டுமே இருப்பிடத்தை அறியும் என்று பயன்படுத்துவோர் நம்பினர். ஆனால் அது மூடியிருந்தபோதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறைகூட, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டே இருந்தது. அவர்களுடைய வீடு எது, வேலை செய்யும் இடம் எது, எப்போது பயணம் சென்றார்கள் என்பனவற்றை அதிலிருந்து ஊகித்தது. 2020இல் ஒரு பத்திரிகையாளர் தம் விவரங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது இது அம்பலமாயிற்று. தம்மைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டுமாறு கேட்கும் உரிமை வெறும் ஏட்டுரிமை அன்று என்பதற்கு இதுவே சான்று. மத்திய ஆணையமும் மேற்சொன்ன மூன்று மாகாணங்களின் ஆணையங்களும் ஒன்றுகூடி விசாரித்து, 2022 ஜூன் மாதத்தில் தீர்ப்புரைத்தன. விளம்பரத்துக்கென்று திரட்டிய அவ்விவரங்களைக் கம்பெனி அந்நோக்கத்துக்கு முழுமையாகப் பயன்படுத்தவும் இல்லை. ஒரு குவளைக் காப்பிக்கு ஒரு மனிதனின் நாள் முழுவதையும் பின்தொடர்வது ஈடாகுமா? ஈடாகாது என்றே ஆணையர்கள் கண்டனர். திரட்டியவற்றை அழிக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

கியூபெக்கில் நிகழ்ந்ததோ இன்னும் பெரியது. தெஜார்டின் என்பது 1900ஆம் ஆண்டில் லெவி என்னும் ஊரில் தொடங்கிய கூட்டுறவு நிதி இயக்கம். நம் ஊர்க் கூட்டுறவு நாணயச் சங்கம் போல உறுப்பினர்களின் சேமிப்பால் வளர்ந்தது. அங்கே பணியாற்றிய ஓர் ஊழியர் குறைந்தது 26 மாத காலம் உறுப்பினர்களின் விவரங்களைத் தொடர்ந்து படியெடுத்து வந்தார். 2019இல் இது தெரியவந்தது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 97 இலட்சம் பேர். இங்கே அயலான் எவனும் பூட்டை உடைக்கவில்லை. சாவி வைத்திருந்த கையே களவு செய்தது. பல ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கை முடித்துக்கொண்டு போனவர்களின் விவரங்களும் அழிக்கப்படாமல் அங்கே கிடந்தன. அவையும் உடன் போயின. காரியம் முடிந்ததும் அழித்துவிடுக என்னும் விதியை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதன் அருமை இத்தகைய நாளில்தான் தெரிகிறது.

இழப்பு நேர்ந்தால் அதை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு விதி. தனியார் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக இதனை முதலில் விதித்த கனடிய மாகாணம் ஆல்பர்ட்டா. 2010 மே மாதம் முதல், மக்களுக்குக் கடுந்தீங்கு நேரும் உண்மையான அபாயம் இருந்தால் நிறுவனம் ஆணையருக்கு அறிவித்தாக வேண்டும். கியூபெக் 2021இல் தன் சட்டத்தைப் பெரிதும் திருத்தியது. திருத்தங்கள் 2022 முதல் 2024 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவரத்தைத் திரட்டப் பெற்றோரோ பாதுகாவலரோ இசைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தண்டனையும் கடுமையாயிற்று. 2003இல் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஆல்பர்ட்டாவும் நிறுவனங்களுக்கு விதித்த அபராதத்தின் உச்சம் 1,00,000 டாலர். கியூபெக் புதிதாக விதித்த உச்சமோ 2.5 கோடி டாலர், அல்லது உலக முழுவதிலும் நடந்த விற்றுவரவில் 100க்கு 4 பங்கு. இவற்றுள் எது மிகுதியோ அது. சிறு கடைக்கு அச்சமூட்டும் தொகை பெருங் கம்பெனிக்குக் கைச்செலவு என்பதை அம்மாகாணம் உணர்ந்திருக்கிறது.

இதுகாறும் சொன்னவற்றைக் கேட்டு, செய்தியை எவ்வளவு இறுக்கமாகப் பூட்டுகிறோமோ அவ்வளவும் நன்மை என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2006இல் ஆல்பர்ட்டாவின் தலைநகரான எட்மன்டனில் ஒரு சூதாட்ட விடுதியின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 305 நாள் நீடித்தது. மறியலைத் தாண்டி உள்ளே செல்பவர்களைத் தொழிற்சங்கம் படம் பிடித்தது. படங்களை வெளியிடக் கூடும் என்று அறிவிப்பும் வைத்தது. படம் பிடிக்கப்பட்டவர்கள் ஆணையரிடம் முறையிட்டார்கள். இசைவு பெறாமல் படம் திரட்டியது சட்டப்படி தவறு என்று முடிவாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2013 நவம்பரில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தன் விவரத்தின் மீது மனிதனுக்குள்ள உரிமை மிக முக்கியமானது என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பொதுவிடத்தில் நடக்கும் போராட்டத்தில் தொழிலாளர் தம் குறையை உலகுக்கு எடுத்துச் சொல்லும் உரிமையை அச்சட்டம் சிறிதும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே அது கருத்துரிமைக்கு முரணானது என்றார்கள். சட்டத்தைத் திருத்த மாகாணத்துக்குக் காலம் கொடுத்தார்கள். 2014 இறுதியில் ஆல்பர்ட்டா அதைத் திருத்தியது. நல்ல சட்டமும் எதிர்ப்புறத்தில் நிற்பவனின் நியாயத்தை மறந்தால் தீங்காகிவிடும். ஏழையின் முகவரியைக் காக்க எழுந்த சட்டம் ஏழையின் வாயைக் கட்டக் கூடாது அன்றோ?

நம் நாட்டிலும் இத்துறையில் வழி பிறந்திருக்கிறது. தனிமை என்பது அரசமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023இல் நாடாளுமன்றம் மின்னணு வடிவில் உள்ள சொந்த விவரங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. அது 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகக் கொள்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே சுட்டுகிறேன். நம் சட்டம் கணிப்பொறியில் ஏறிய விவரத்துக்கே பொருந்தும். கனடிய மாகாணச் சட்டங்களோ காகிதத்தில் எழுதிய விவரத்தையும் தழுவுகின்றன. நான் கொடுத்த பட்டியல் காகிதத்தில் இருந்தது. காகிதமாயினும் அந்தச் சிறுமிக்குக் கண்ணீர் வந்தது.

மாணவ நண்பர்களே, சட்டத்தின் வேலை ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களிடம் எவரேனும் பெயரையும் முகவரியையும் பேசி எண்ணையும் கேட்டால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது எதற்கு? இதை வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நேர்மையான கடைக்காரர் விடை சொல்வார். விடை சொல்ல மறுப்பவரிடம் நீங்கள் ஏன் விவரம் தர வேண்டும்?

இவற்றை நீங்கள் கேட்பது எளிது. உங்களை நீங்களே கேட்டுக்கொள்வதுதான் அரிது. உங்களுள் ஒருவர் வகுப்புத் தலைவராக இருப்பீர்கள். தோழர்களின் பேசி எண்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும். மற்றொருவர் விளையாட்டுக் குழுவின் செயலாளராக இருப்பீர்கள். நாளைக்கு நீங்களே கடை வைப்பீர்கள், மருத்துவமனை நடத்துவீர்கள், பள்ளியில் ஆசிரியராவீர்கள். அப்போது ஒருவர் பணிவாக வந்து, ஒரு கடிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பட்டியல் கேட்பார். கெட்ட எண்ணத்தோடு கேட்பவரை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்வோம். நல்ல காரியத்துக்கு என்று சொல்லிக் கேட்பவரிடந்தான் நாம் தவறுகிறோம். நானும் அப்படியே தவறினேன். அந்த வேளையில் என் மாணவர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பல் வலிக்காகத் தந்ததைப் பல் வலிக்கே பயன்படுத்துங்கள்.

என் மாணவர் ஊர் திரும்பிய மறு வாரம் நான் அந்த அம்மையாரின் வீட்டைத் தேடிச் சென்றேன். மகள் படித்து முடித்து, திருமணமாகி, வேறு ஊரில் இருந்தாள். நான் பதினோர் ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லி, "அந்தப் பட்டியலைக் கொடுத்தவன் நான்தான், அம்மா. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்றைக்கே எனக்குத் தெரியும், ஐயா. அந்த முகவரியை நாங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும்தானே கொடுத்திருந்தோம்? வேண்டும் என்று செய்திருக்க மாட்டீர்கள் என்றுதான் அப்புறம் நான் கேட்கவில்லை."

சொந்த விவரத்தைத் தருகிறவர் அதை யாரிடம் தந்தார் என்பதை மறப்பதில்லை. வைத்திருப்பவர்கள்தான் மறந்துவிடுகிறோம். அந்த மறதிக்கு மருந்தாகவே மூன்று மாகாணங்கள் சட்டம் எழுதின. அது எழுதப்படாத இடத்திலும் நீங்கள் அதை நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.